மறதிக்குத் தண்டனை உண்டா?

“மறந்து போச்சு சேர்” என்ற வார்த்தையை ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கிறோம் என்று எந்த ஆசிரியரும் கணக்கு வைத்திருப்பதில்லை. அதைச் சொல்லும் பிள்ளைக்கு நம்மிடம் ஆயத்தமாக இருப்பவை இரண்டு பட்டங்கள்தாம். ஒன்று சோம்பேறி, மற்றது பொய்யன். இரண்டுமே அவனது நல்லொழுக்கத்தின் மீது வழங்கப்படும் தீர்ப்புகள். அவனது ஞாபகத்துக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்ற விசாரணை அங்கு நடப்பதேயில்லை. மறதி ஒரு குற்றமா, அதற்காக ஒருவரைத் தண்டிப்பது நீதியாகுமா என்ற கேள்வி இருபது வருடங்களாகக் கரும்பலகையின் முன்னால் நிற்கும் எனக்குப் பெரிய கேள்வியாகவே தோன்றுகிறது.

நமது மார்க்கச் சட்டம் இக்கேள்வியை மிக நுட்பமாகக் கையாண்டிருக்கிறது. நோன்பு நோற்றவர் மறந்து சாப்பிட்டால் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின்படி அவரது நோன்பு முறிவதில்லை. தொழுகையை மறந்தவர் மீது பாவம் இல்லை. ஆனால் நினைவு வந்ததும் தொழுதாக வேண்டும். மறதியால் மற்றவரின் பொருளைச் சேதப்படுத்தியவர் பாவியல்லர். எனினும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். அதாவது, மறதி குற்றத்தை நீக்குகிறது, கடமையை நீக்குவதில்லை. நபி (ஸல்) அவர்களே ஒரு முறை நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டில் முடித்துவிட, துல்யதைன் என்ற தோழர் அதைத் துணிந்து கேட்டதும், விடுபட்டதைத் தொழுது ஸஜ்தா செய்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. கேட்டவர் கண்டிக்கப்படவில்லை. மறதி மறைக்கப்படவுமில்லை.

ஆயினும் நம்மிடையே வேறொரு கருத்தும் வேரூன்றியிருக்கிறது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் ஒரு கவிதையை ஆதாரம் காட்டி, ஞாபகம் குறைவதற்குக் காரணம் பாவமே என்பார்கள். ஓதிய பாடத்தை ஒப்புவிக்கத் தடுமாறும் பத்து வயதுப் பிள்ளையிடம்கூட இதைச் சொல்வதுண்டு. அந்தக் கவிதை ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தன் ஆசானிடம் செய்த முறைப்பாடு. தன்னைத் தானே விசாரிப்பதற்கு அது நல்ல கண்ணாடி. பிறரை அடிப்பதற்கு அது பிரம்பல்ல.

பயந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை இன்று ஓரளவு அறிவோம். 1998ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு பரிசோதனை வெளிவந்தது. நீர்த்தொட்டியொன்றில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகள் பழக்கப்பட்டிருந்தன. சோதிப்பதற்கு முப்பது நிமிடங்களுக்கு முன் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட எலிகள் மேடை இருந்த இடத்தை நினைவுகூர முடியாமல் தடுமாறின. இரண்டு நிமிடங்களுக்கு முன்போ நான்கு மணித்தியாலங்களுக்கு முன்போ அதிர்ச்சி பெற்றவை தடுமாறவில்லை. அச்சத்தின்போது சுரக்கும் ஹோர்மோன் குருதியில் உயர்வதற்கு அந்த அரை மணித்தியாலம் தேவைப்படுகிறது. அச்சுரப்பை மருந்தினால் தடுத்தபோது தடுமாற்றமும் நீங்கியது. மனிதரில் இதே வேலையைச் செய்வது கோர்ட்டிசோல். புதிய நினைவுகளை உருவாக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி இவ்வகை ஹோர்மோனை ஏற்கிறது என்பது 1968இல் எலிகளிலேயே கண்டறியப்பட்டது.

இதில் என்னைச் சிந்திக்க வைப்பது ஒரு விடயம். கற்றது அழிந்துவிடவில்லை. அதை எடுக்கும் வழிதான் அடைபட்டது. “படிச்சேன் சேர், வருகுதில்ல” என்று பிள்ளை சொல்வதை நாம் பொய் என்கிறோம். அது வரிக்கு வரி உண்மையாக இருக்கலாம்.

“அடியாத மாடு படியாது” என்பார்கள். ஆசிரியர் கலாசாலையில் உளவியல் பாடத்தில் இந்தப் பழமொழிக்கு அனுசரணையானது போன்ற ஒரு வளைகோட்டையும் படித்தோம். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு இரு பெட்டிகளை வேறுபடுத்தப் பழக்கினார்கள். பிழையாகத் தெரிந்தால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுண்மையாக இருந்தபோதோ நடுத்தர அதிர்ச்சியே பயன்பட்டது. கடும் அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. சிறிதளவு பதற்றம் மனதை விழிக்க வைக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மாடு படிவது எளிய வேலை. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது நுண்மையான வேலை. அங்கே பிரம்பு ஏற்கெனவே தெரிந்ததையும் விரட்டிவிடுகிறது. பின்னர் அப்பிள்ளைக்கு வாய்ப்பாடு நினைவிருக்காது. அடித்தவரின் முகம் நினைவிருக்கும். அச்சம் தன்னைத்தான் நன்றாக மனனம் செய்விக்கும்.

பிரம்பு மட்டுமே இங்கு பிரதிவாதி அல்ல. ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடிய விடயங்கள் மிகச் சில. அது ஒரு சிறிய சிலேட்டு. அதில் கவலை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் கணக்குக்கு இடமில்லை. 2013இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு தமிழகத்தின் 464 கரும்பு விவசாயிகளைப் பற்றியது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின் கடன் குறைந்த காலத்திலும் அவர்களுக்கு ஒரே வகையான சிந்தனைச் சோதனைகள் வைக்கப்பட்டன. அதே மனிதர், அதே மூளை. முன்னதில் கவனமும் தர்க்கமும் குறைந்திருந்தன. வறியவர் யோசனையற்றவர் என்று நாம் சொல்வதன் மறுபக்கம் இது. யோசனைதான் வறுமையினால் செலவாகிப் போயிருக்கிறது.

நமது கிராமங்களுக்கு இது புதினமல்ல. உம்மா சவூதியில் வீட்டுப்பணிக்குப் போயிருக்க, வெள்ளிக்கிழமை வரும் தொலைபேசி அழைப்புக்காக வியாழனே காத்திருக்கத் தொடங்கும் பிள்ளை கடைசி வாங்கில் இருக்கிறது. மைக்ரோ கடன் வசூலிப்பவர் வரும் நாளில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளும் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை வருகிறது. யுத்தம் இதைவிடக் கொடியது. வடக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம், பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டே செய்யப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மனவடு கொண்ட பிள்ளைகளின் ஞாபகமும் பாடசாலை அடைவும் பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டது. சுனாமிக்குப் பின்னர் கூடாரங்களில் வகுப்பெடுத்த கிழக்கு ஆசிரியர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

இங்கு நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். இப்படியே ஒவ்வொரு மறதிக்கும் காரணம் தேடினால் யார்தான் பொறுப்பாளி? உண்மையான சோம்பேறி ஒருவனும் இருக்கிறானே? இருக்கிறான். இதற்கும் மேற்சொன்ன பகுப்பே விடை தருகிறது. குற்றம் நீங்கலாம், கடமை நீங்காது. வாய்ப்பாட்டை மறந்த பிள்ளை அதை மீண்டும் படித்தாக வேண்டும். அதில் சலுகை காட்டினால் அது இரக்கமல்ல, அந்தப் பிள்ளையைக் கைவிடுவதாகும். ஆனால் மீண்டும் படிக்க வைப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. முன்னதைச் சோம்பேறிக்கும் கவலைப்படுபவனுக்கும் ஒரேமாதிரி செய்யலாம், யாருக்கும் அநீதியாகாது. பின்னதைச் செய்ய வேண்டுமாயின் அவன் உள்ளத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு நம்மிடம் இல்லை. அறியாததன் மீது தண்டனை வழங்க எந்தச் சட்டம் இடம் தருகிறது?

தீர்ப்பு வழங்குபவரின் மனநிலையும் இந்தக் கணக்கில் சேரும். கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. பசி, தாகம், கடும் கவலை, களைப்பு ஆகியவற்றையும் நமது சட்ட அறிஞர்கள் அதனுடன் சேர்த்தார்கள். அவர்கள் கோர்ட்டிசோலை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்கு வழக்கமாகிவிட்ட ஒரு பலவீனம். அவர்கள் மனிதனை அறிந்திருந்தார்கள், அது போதும். நெருக்கடியில் மனம் சரியாக நிறுக்காது என்பதை நீதிபதிக்கு ஒப்புக்கொண்ட சட்டம், பத்து வயதுப் பிள்ளைக்கு அதை மறுக்குமா?

நம்முன் நிற்கும் பிள்ளையைப் போலவே நாமும் கடனோடும், இடமாற்றக் கடிதத்தோடும், வீட்டுச் சச்சரவோடும் வகுப்புக்குள் வருகிறோம். உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வியமைச்சு 2005இல் சுற்றுநிருபம் அனுப்பியது. பிரம்பை அது தடுத்தது. நாவைத் தடுக்க எந்தச் சுற்றுநிருபத்தாலும் முடியாது. அதை ஆசிரியரும், ஹிப்ழ் மத்ரஸாவின் உஸ்தாதும், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் பெற்றோரும் தாமாகவே செய்ய வேண்டும். கோபம் தணியும்வரை விடைத்தாளை மூடி வைக்கலாம். தடுமாறும் பிள்ளையை இருக்கச் சொல்லிப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் கேட்கலாம்.

தொழுகையில் மறந்தவருக்கு மார்க்கம் விதித்த பரிகாரம் எவ்வளவு சிறியது! விடுபட்டதை நிறைவு செய்து இரண்டு ஸஜ்தாக்கள். அதற்காக யாரும் அவரை ஸப்பிலிருந்து வெளியேற்றுவதில்லை.