யாருடைய அணி?

2025 ஜூலை 25 இரவு ஹூஸ்டன் நகரில் நிக் கர்ட்ஸ் என்ற 22 வயது இளைஞர் ஆறு முறை மட்டை பிடிக்க வந்தார். ஆறு முறையும் அடித்தார். அதில் நான்கு ஹோம் ரன். மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் ஒருவர் அறிமுக ஆண்டிலேயே ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தது அதுவே முதல் தடவை. அத்லெட்டிக்ஸ் அணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை அதன் சொந்த மைதானத்திலேயே 15-3 என்று நொறுக்கியது. ஆண்டு முடிவில் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதும் கர்ட்ஸுக்கு ஒருமனதாகக் கிடைத்தது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துப் பழைய ரசிகருக்கு இது சங்கடமான சந்தோஷம். 2024 கோடையில் கர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தபோது அணியின் பெயர் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ். 2025 ஏப்ரலில் அவர் முதல் ஆட்டம் ஆட இறங்கியபோது பெயரில் ஓக்லாந்து இல்லை, வேறு எந்த ஊரும் இல்லை. வெறும் அத்லெட்டிக்ஸ். பச்சையும் மஞ்சளும் கலந்த சீருடை அப்படியே இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் தொங்கும் தொப்பியில் இருக்கும் அதே எழுத்து. கைதட்டலாமா, கூடாதா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆனாலும் அமெரிக்கக் கால்பந்து ஆனாலும் அணி என்பது முதலாளியின் சொத்து. பேஸ்பாலில் 30 அணிகள், கால்பந்தில் 32. அதற்கு மேல் கதவு சாத்தியாகிவிட்டது. கீழ்மட்ட லீகில் ஜெயித்து மேலே ஏறி வரும் வழி கிடையாது. ஆகவே அணி இல்லாத ஊர்கள் எப்போதும் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைக் காட்டித்தான் முதலாளிகள் தங்கள் ஊரிடம் புது ஸ்டேடியம் கேட்பார்கள். ஊர் தயங்கினால் மூட்டை கட்டிவிடலாம். சக முதலாளிகளின் ஒப்புதல் இருந்தால் போதும். 2023 நவம்பரில் அத்லெட்டிக்ஸ் லாஸ் வேகஸுக்கு இடம்பெயரலாமா என்று 30 அணிகளின் உரிமையாளர்களும் வாக்களித்தார்கள். முப்பதும் ஆதரவாகவே விழுந்தன. ஐம்பது ஆண்டுகளாக டிக்கெட் வாங்கியவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஓக்லாந்துக்கு இது மூன்றாவது அடி. கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019இல் வளைகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. கால்பந்து அணியான ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகஸுக்குப் போனது. 2024 செப்டம்பர் 26 அன்று பேஸ்பால் அணியும் கடைசி ஆட்டம் ஆடியது. நாலு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு நகரம் ஐந்தே ஆண்டுகளில் மூன்று பெரிய அணிகளையும் இழந்தது.

முதலாளித் தரப்பு சொன்ன காரணம், கூட்டம் வரவில்லை என்பது. எண்ணிக்கையைப் பார்த்தால் உண்மைதான். 2023இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்தான் வந்தார்கள். லீகிலேயே அதுதான் கடைசி. ஆனால் அந்தக் கூட்டம் ஏன் கலைந்தது? 2022 வசந்தத்தில் மேட் ஓல்சன், மேட் சாப்மன் என்று ரசிகர்கள் உயிராய் நினைத்த வீரர்களை அணி அடுத்தடுத்து வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டது. டிக்கெட் விலையையோ ஏற்றியது. வீரர்களின் சம்பளத்துக்கு லீகிலேயே மிகக் குறைவாகச் செலவழித்தது. 2023இல் ஆடிய 162 ஆட்டங்களில் 112இல் தோற்றது. கடையில் சரக்கை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் வரவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

ரசிகர்கள் இதற்குச் சொன்ன பதில் விளையாட்டு வரலாற்றில் இடம்பெற வேண்டியது. பொதுவாகக் கோபம் வந்தால் மைதானத்துக்குப் போகாமல் இருப்பார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து போவது என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை. வாகன நிறுத்துமிடத்தில் பச்சைச் சட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரே சொல்: விற்றுவிடு. 27,759 பேர் வந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் ஆட்டக்காரர் மட்டை பிடிக்க வந்தபோது, முன்கூட்டியே பேசிவைத்தபடி, மொத்த மைதானமும் வாயை மூடியது. ரசிகர்கள் அடிக்கும் முரசும் நின்றது. அந்த ஆட்டக்காரர் முடித்ததும் அணியை விற்றுவிடு என்று ஒரே குரலில் முழக்கம் எழுந்தது. அன்று லீகின் உச்சியிலிருந்த டாம்பா பே ரேஸை, லீகின் அடியிலிருந்த அத்லெட்டிக்ஸ் 2-1 என்று வென்றது. அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி.

அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகஸில் புதிய ஸ்டேடியம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஓக்லாந்தில் அந்த ஒரே இரவின் டிக்கெட் வசூலான 8,11,107 டாலரை அணி நிர்வாகம் உள்ளூர் உணவு வங்கிக்கும் பள்ளிக் கல்வி நிதிக்கும் கொடுத்துவிட்டது. லீகின் ஆணையர் ராப் மேன்ஃபிரெட், ஓர் இரவுக்காவது சராசரி அளவில் கூட்டம் சேர்ந்ததே என்ற பொருளில் பேசினார். ரசிகர்களை முதலாளியின் முடிவைவிட அந்தப் பேச்சே அதிகம் சுட்டது.

ரசிகர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அணியின் மைதானமான ஓக்லாந்து கொலீசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1966இல் திறந்த கான்கிரீட் வட்டம். கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் ஒரே இடம். 2013இல் சாக்கடை பின்வாங்கி வீரர்களின் உடை மாற்றும் அறைக்குள் வந்தது. இரு அணியினரும் மேல்தளத்தில் ரெய்டர்ஸின் அறைக்குப் போய்க் குளித்தார்கள். 2023இல் வர்ணனையாளர் அறையில் ஒரு பொஸ்ஸம் விலங்கு குடியேறியிருந்தது. புது ஸ்டேடியம் வேண்டும் என்று முதலாளி சொன்னதில் தவறே இல்லை.

அதே இடத்தில்தான் 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வென்ற அணி ஆடியது. பார்வையாளர்கள் வரிசை வரிசையாக எழுந்து உட்காரும் அலை, 1981 அக்டோபரில் தொலைக்காட்சி வழியே நாடு முழுக்கத் தெரிந்ததும் அங்கிருந்துதான். குறைந்த பணத்தில் புள்ளிவிவரத்தை நம்பி அணி சேர்த்து 2002இல் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை ஜெயித்த கதையை பிராட் பிட் நடித்த ‘மணிபால்’ படத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். ஓக்லாந்துத் தெருக்களில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன் இந்த அணிக்காக ஓடத் தொடங்கி, தன் ஆட்ட வாழ்வு முழுவதிலும் 1,406 தளங்களைத் திருடினார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை. கடைசி ஆட்டத்தன்று இன்னொரு உள்ளூர்ப் பிள்ளையான டேவ் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து சம்பிரதாயத்துக்கு முதல் பந்தை எறிந்தவர் அவர்தான். மூன்று மாதம் முடிவதற்குள் காலமானார்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். வலப்பக்க மேடையில் முரசு கடைசிவரை ஓயவில்லை. அணி டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மார்க் காட்சே ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி சொன்னார்; கூட்டத்தோடு சேர்ந்து ஊர்ப் பெயரை முழங்கினார். மைதானப் பணியாளர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளி ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்கள் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஓக்லாந்து ரசிகர்களுக்குப் பிரிவு புதிதில்லை. ரெய்டர்ஸ் ஒருமுறை போய்த் திரும்பி, மறுபடியும் போன அணி. 1982இல் உரிமையாளர் ஆல் டேவிஸ் அதை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனார். சாலை போட நிலத்தை எடுப்பதுபோல அணியையே கையகப்படுத்தலாமா என்று ஓக்லாந்து நகரம் நீதிமன்றம் போய்ப் பல ஆண்டுகள் வாதாடித் தோற்றது. 1995இல் அணி திரும்பி வரச் சம்மதித்தபோது நகரமும் மாவட்டமும் சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கிக் கொலீசியத்தில் பிரமாண்டமான புது மேடை எழுப்பின. அதனால் பேஸ்பால் ரசிகர்கள் அதுவரை பார்த்து மகிழ்ந்த ஓக்லாந்துக் குன்றுகள் மறைந்துபோயின. அந்த மேடைக்கு மக்கள் வைத்த பெயர் மவுண்ட் டேவிஸ். நெவாடா 75 கோடி டாலர் தருகிறேன் என்றதும் ரெய்டர்ஸ் மறுபடி கிளம்பியது. அணி போன பிறகும் மவுண்ட் டேவிஸ் கடனை ஓக்லாந்து வரி செலுத்துவோர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூடு கண்ட நகரம் பேஸ்பால் அணியிடம் எச்சரிக்கையாகவே பேசியது. அத்லெட்டிக்ஸ் பல இடம் பார்த்தது. தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் ஃப்ரீமாண்ட்கூட ஒருகாலத்தில் பட்டியலில் இருந்தது; 2009இல் கைவிட்டார்கள். கடைசியில் ஓக்லாந்துத் துறைமுகத்தையொட்டி வீடுகள், கடைகள், ஸ்டேடியம் என்று 1,200 கோடி டாலர் திட்டம் வந்தது. நகரம் சாலைக்கும் பாலத்துக்கும் மானியம் திரட்டிக்கொண்டிருந்தபோதே, 2023 ஏப்ரலில், லாஸ் வேகஸில் நிலம் பேசிவிட்டோம் என்று அணி அறிவித்தது.

ஓர் உண்மையை ஓக்லாந்து ரசிகர் விழுங்கித்தான் ஆகவேண்டும். இந்த அணி 1901இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தது. 1955இல் கேன்சஸ் சிட்டிக்குப் போனது. 1968இல் அங்கிருந்து ஓக்லாந்துக்கு வந்தது. கேன்சஸ் சிட்டியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அழுதபோதுதான் ஓக்லாந்துப் பிள்ளைகளுக்கு அணி கிடைத்தது. அதனால் ஓக்லாந்தின் துயரம் பொய்யாகிவிடாது. ஒரே காயத்தை ஊர் ஊராக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு இது என்பதுதான் தெரிகிறது.

இனி அந்த ரசிகர் என்ன செய்வது? உண்மையான ரசிகன் அணி எங்கே போனாலும் கூடவே போவான் என்று சிலர் சொல்கிறார்கள். ரெய்டர்ஸின் கறுப்பு-வெள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டு சுமார் 900 கிலோமீட்டர் பயணம் செய்து லாஸ் வேகஸ் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே போனதிலிருந்து அந்த அணி 2021 பருவத்தில் ஒரே ஒரு தடவைதான் பிளேஆஃப் எட்டியது, அப்படியும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பாவோடு பார்த்த ஆட்டம், அம்மா வாங்கித் தந்த சட்டை என்று பற்றுக்கு ஆயிரம் வேர். ஆனால் போகாமல் நின்றவர்களைத் துரோகி என்று சொல்வதை ஏற்கவே முடியாது. தோல்வியில் கூட இருப்பது விசுவாசம். 112 தோல்விகளையும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலாளியின் நிலபேரத்தின் பின்னால் போவது அந்தக் கணக்கில் சேராது. அணியின் வண்ணத்தில் சட்டை போட்ட நாளில் அந்த ரசிகர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அது தன் ஊரோடும், பக்கத்து இருக்கைக்காரரோடும் போட்டது. அது இன்னும் செல்லும்.

கர்ட்ஸுக்குக் கைதட்டலாம். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. டிக்கெட் வாங்க வேண்டாம், சட்டை வாங்க வேண்டாம். வீரரை ரசிப்பதும் முதலாளிக்குக் காசு கொடுப்பதும் வேறு வேறு.

ஏற்பாட்டையே மாற்றலாம் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. கிரீன் பே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சிறிய ஊர். அதன் கால்பந்து அணியான பேக்கர்ஸ் 1923 முதல் பொதுமக்களுக்குச் சொந்தம். இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு லாபம் கிடையாது, சந்தையில் விற்க முடியாது, ஒருவர் 2 லட்சம் பங்குக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அணியை விற்றால் பணம் முழுவதும் அறக்கட்டளைக்குப் போய்விடும். ஆகவே அணியைப் பெயர்த்துக்கொண்டு போவதால் யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. நூறு ஆண்டாக அந்தச் சின்ன ஊரிலேயே இருக்கிறது. சாம்பியன் பட்டங்களும் வாங்கியிருக்கிறது. இப்படி இன்னொரு அணி உருவாகக் கூடாது என்று கால்பந்து லீக் விதியே வைத்திருக்கிறது. பழைய அணி என்பதால் பேக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு.

ஓக்லாந்து அந்த வழியைச் சின்ன அளவில் தொட்டுப் பார்த்திருக்கிறது. மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பூங்காவில் சுமார் 4,000 இருக்கைகளோடு பாலர்ஸ் என்ற புதிய பேஸ்பால் அணி 2024 ஜூனில் உள்ளூரில் ஆடத் தொடங்கியது. பயனியர் லீக் என்ற சிறிய லீக். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் 12 லட்சம் டாலருக்கு மேல் போட்டுப் பங்கு வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, அடுத்த மூன்றையும் ஜெயித்து, பாலர்ஸ் சாம்பியன் ஆனது. 1989க்குப் பிறகு ஓக்லாந்துக்குக் கிடைத்த முதல் பேஸ்பால் பட்டம் அது. அதே ஆண்டு மார்ச்சில் ரூட்ஸ் என்ற உள்ளூர் சாக்கர் அணி காலியாகிவிட்ட கொலீசியத்தில் ஆடியபோது 26,575 பேர் வந்தார்கள். கூட்டம் வராத ஊர் என்ற பழிக்கு இது போதுமான பதில்.

நெவாடா இரண்டு அணிகளுக்கு மொத்தம் 113 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. அந்த மாநில மக்களுக்கு இரண்டு அணிகளிலும் ஒரு பங்குகூட இல்லை. அடுத்து எந்த ஊரிடம் ஸ்டேடியத்துக்குப் பணம் கேட்டு வந்தாலும், அந்த ஊர் மக்கள் பணத்துக்கு ஈடாக அணியில் பங்கு கேட்க வேண்டும். தர மறுத்தால் பணத்தையும் தரக்கூடாது.