அடுத்தவர் ஏற வேண்டிய ரயில்

உங்களிடம் இரண்டு கேள்விகள். முதல் கேள்வி சுலபமானது. மெட்ரோ ரயில் முழுசாக வந்துவிட்டால் சென்னையில் டிராஃபிக் குறையுமா?

'அதுக்குத்தானே சார் இவ்வளவு செலவு பண்றாங்க!' என்பீர்கள்.

இரண்டாவது கேள்வி. அப்படி வந்ததும் உங்கள் காரையோ பைக்கையோ வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் அதில் ஏறுவீர்களா?

இப்போது பதில் கொஞ்சம் மெதுவாக வருகிறது, இல்லையா?

எனக்கு ஒரு நண்பர். வீடு போரூர்ப் பக்கம், வேலை நுங்கம்பாக்கத்தில். மெட்ரோ பணிக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே வருடக்கணக்கில் ஊர்ந்து நொந்துபோனவர். "இது மட்டும் முடியட்டும் சார். அப்புறம் ஆபீசுக்கு அரை மணி நேரம்தான்" என்றார். "அப்ப நீங்க மெட்ரோலதான் போவீங்க, இல்லையா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் எதுக்கு சார்? மத்தவங்கல்லாம் அதுல போயிடுவாங்க. ரோடு ஃப்ரீ ஆயிடும். நான் கார்ல ஜம்முனு போவேன்."

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், நாம் மனசுக்குள் வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். நாம் ஆசைப்படுவது நாம் ஏறும் ரயிலுக்கு அல்ல, அடுத்தவர் ஏறும் ரயிலுக்கு. எல்லோருமே அப்படி ஆசைப்பட்டால் என்ன ஆகும்? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் யோசிக்கலாம் என்று தோன்றியது.

உலகத்தின் முதல் சுரங்க ரயில் பிறந்ததே நெரிசலுக்கு மருந்தாகத்தான். 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடத் தொடங்கியது. தெருவெல்லாம் குதிரை வண்டிகள் முட்டி மோதி நின்ற காலம். இந்த ரயிலுக்காகப் பல வருடங்கள் மல்லுக்கட்டியவர் சார்லஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர். பாவம், ரயில் ஓடுவதைப் பார்க்காமலே முந்தைய வருடம் இறந்துபோனார். அவர் மனசில் வண்டி நெரிசல் மட்டும் இல்லை. ஊருக்குள் இருட்டு அறைகளில் அடைந்துகிடந்த தொழிலாளிகள், புறநகரில் காற்றோட்டமான வீட்டில் குடியிருந்துகொண்டு வேலைக்கு வந்து போக வேண்டும் என்று கனவு கண்டார்.

முதல் வருடத்திலேயே 95 லட்சம் பயணங்கள். ரயில் பிய்த்துக்கொண்டு ஓடியது. தெரு காலியானதா? ஆகவில்லை. 140 வருடங்கள் கழித்து, 2003 பிப்ரவரி 17-ல், அதே லண்டன் மாநகரம், 'நகர மையத்துக்குள் கார் கொண்டுவர வேண்டுமா? ஒரு நாளைக்கு 5 பவுண்டு எடுத்து வை' என்று கட்டணம் போட வேண்டிவந்தது. உலகத்தின் மிகப் பழைய சுரங்க ரயில் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே!

ஏன் இப்படி? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே இதற்கு ஒரு விளக்கம் தந்துவிட்டார். அவர் சொன்னது அங்குள்ள விரைவுச் சாலைகளைப் பற்றி. நாம் அதை ஆற்காடு ரோட்டில் வைத்துப் பார்ப்போம்.

காலை 9 மணிக்கு அந்த ரோட்டில் 1,000 வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வருகிறது, 200 பேர் வண்டியை விட்டுவிட்டு ரயிலுக்கு மாறுகிறார்கள். ஒரு வாரம் சொர்க்கம்தான். அப்புறம் செய்தி பரவுகிறது. இத்தனை நாளாக சந்து பொந்தில் புகுந்து போய்க்கொண்டிருந்தவர், 'மெயின் ரோடே காலியா இருக்காமே' என்று வருகிறார். நெரிசலுக்குப் பயந்து ஏழரைக்கே கிளம்பியவர், இன்னும் அரை மணி நேரம் தூங்கிவிட்டு ஒன்பதுக்கு வருகிறார். பஸ்ஸில் போனவர், 'ரோடு நல்லாத்தானே இருக்கு' என்று தவணையில் ஒரு பைக் வாங்கிக்கொண்டு வருகிறார். 200 இடமும் நிரம்பிவிடுகிறது. மறுபடியும் 1,000.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவு இதுதான்: சாலையின் நீளம் எந்த அளவுக்குக் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்கு வாகன ஓட்டமும் கூடுகிறது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் அந்த ஓட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. நம் டெல்லியையே பாருங்கள். 2002 டிசம்பரில் மெட்ரோ வந்தது. வருடா வருடம் நீண்டது. இந்தியாவிலேயே பெரிய மெட்ரோ என்று பெயரெடுத்தது. 2017-ல் அங்கே பதிவான வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

'அப்படியென்றால் மெட்ரோவே தண்டச் செலவு என்கிறீர்களா?' என்று யாரோ கோபமாகக் கேட்பது காதில் விழுகிறது. அவசரப்படாதீர்கள். அப்படிச் சொல்லவே இல்லை.

2003-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் பொதுப் போக்குவரத்து ஊழியர்கள் 35 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கார்களுக்கென்றே கட்டப்பட்ட ஊர் அது. பஸ், ரயிலில் போகிறவர்கள் அங்கே மிகக் கொஞ்சம் பேர். 'இதனால் என்ன குடி முழுகிவிடப்போகிறது?' என்றுதான் தோன்றும். ஆனால், அந்த நாட்களில் விரைவுச் சாலைகளில் தாமதம் 47 சதவீதம் கூடியது என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. ஆக, ரயில் நெரிசலை வடித்துவிடாது. ஆனால், இன்னும் மோசமாகாமல் பிடித்து நிறுத்தும். அதைவிட முக்கியமாக, நெரிசலிலிருந்து தப்பிக்க நினைப்பவருக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கும். வண்ணாரப்பேட்டையில் ஏறினால் விமான நிலையத்தில் எப்போது இறங்குவோம் என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறதே, அந்த நிம்மதி சின்ன விஷயமா? சென்னை மெட்ரோவில் 2024-ல் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். 10 கோடி முறை யாரோ அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்துவைப்பது அரசாங்கத்தின் வேலை. அதன் வழியாக யார் போவது என்பதுதான் நம் விவகாரம். அங்கேதான் தர்ம நியாயம் வருகிறது.

நான் படித்தது பி.காம். அங்கே முதல் நாளே சொல்லித் தருகிற பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தொகை பொருந்தாது, வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். இந்தக் கணக்கை ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலை 9 மணிக்கு நீங்கள் காரை எடுக்கிறீர்கள். பெட்ரோல் உங்கள் கணக்கு. டிராஃபிக்கில் போகும் 40 நிமிடம் உங்கள் கணக்கு. சரி, உங்கள் கார் அந்த ரோட்டில் நுழைந்ததால் பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் சில விநாடிகள் கூடியதே, அது யார் கணக்கு? அந்த விநாடிகளை ஆயிரம் பேரால் பெருக்கிப் பாருங்கள். அதை நீங்கள் எழுதவில்லை, அவர்களிடம் கேட்கவும் இல்லை. அவர்களும் உங்களுக்கு அதையேதான் செய்கிறார்கள். 'என்னா டிராஃபிக்கு!' என்று திட்டும்போது நம்மைத் தவிர மற்ற எல்லோரையும் டிராஃபிக் என்கிறோம். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு நாம்தான் டிராஃபிக்.

இதிலும் எல்லோருக்கும் ஒரே அளவு நஷ்டம் என்றால் போகட்டும் என்று விடலாம். அப்படி இல்லை. ஒரு மாநகரப் பேருந்து அடைத்துக்கொள்ளும் இடத்தில் மூன்று கார்கள் நிற்கலாம். மூன்று காரிலும் சேர்த்து நாலைந்து பேர் இருப்பார்கள். பஸ்ஸில் 50, 60 பேர். சிக்னலில் எல்லோருக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். ஆனால், இடத்தைக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டவர்கள் வியர்வையில் நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். அதிகமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏ.சி.யில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு மாசம் சில நூறு ரூபாய் மிச்சம். ஆனால், அவர் ஏறிய பஸ் நம் கார்களுக்குப் பின்னால் 40 நிமிடம் நிற்கிறது. 'லேட்டா வர்றியேம்மா' என்று அவரிடம் கடிந்துகொள்பவர்கள் யார்? அந்தக் கார்களில் ஒன்றில் ஏறி ஆபீசுக்குக் கிளம்பும் நாம்தான். டிக்கெட்டை அரசாங்கம் இலவசமாக்கிவிட்டது. அவருடைய நேரத்தை நாம் இலவசமாக்கி எடுத்துக்கொண்டுவிட்டோம்.

சில ஊர்களில் இந்தக் கணக்கை நேர் செய்துபார்த்தார்கள். சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் காலையில் வரும் கார்களுக்குக் கட்டணம் போட்டது. அங்கே மெட்ரோ வந்தது அதற்கு 12 வருடம் கழித்து, 1987-ல்தான்! ரயில் இல்லாமலே, காலை நேரத்தில் உள்ளே வரும் கார்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஸ்டாக்ஹோம் நகரத்தில் 2006-ல் ஏழு மாதம் சோதனை ஓட்டம் விட்டார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் 'கூடவே கூடாது' என்றார்கள். வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களில் பெரும்பான்மையானவர்கள் 'இருக்கட்டும்' என்று ஓட்டுப் போட்டார்கள். 1904-லிருந்து சுரங்க ரயில் ஓடும் நியூயார்க்கும் 2025 ஜனவரியில் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் வரும் கார்களுக்கு 9 டாலர் விதித்தது.

'அட, போங்க சார்! காசு வாங்கினா பணக்காரன் மட்டும் ஜாலியா போவான். ஏழை என்ன பண்ணுவான்?'

நியாயமான கேள்வி. பை நிறைய ஸ்பானரும் குழாயுமாக ஸ்கூட்டரில் போகும் பிளம்பரை மெட்ரோவில் ஏறச் சொல்ல முடியாது. ஊருக்குள் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பிவிட்டு, 'இனி உள்ளே வரக் காசு கொடு' என்றால் அது அக்கிரமம். ஆகவே, கதவைத் திறக்காமல் கட்டணம் வசூலிப்பது அநியாயம்தான். ஆனால், கதவைத் திறந்துவைத்த பிறகும் ஒருவரும் எதையும் விட்டுத்தர மாட்டோம் என்பது இன்னொரு வகை அநியாயம். 'ஏழைக்காகத்தான் கேட்கிறேன்' என்று சொல்லும்போது, நாம் நிஜமாகவே அந்த பிளம்பருக்காகப் பேசுகிறோமா, அவர் முதுகுக்குப் பின்னால் நம் காரை நிறுத்திக்கொள்கிறோமா? இதை அவரவர் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டிடம் எழுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் பறக்கும் ரயில் வந்தது. 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. பிரமாண்டமான ஸ்டேஷன்கள். உள்ளே ஆள் நடமாட்டம் இல்லாமல், இருட்டிய பிறகு பெண்கள் போகவே யோசித்த காலம் உண்டு. வாசலில் இறங்கினால் பஸ் இல்லை, நடக்க நல்ல நடைபாதை இல்லை. பக்கத்து ரோட்டில் நெரிசல் அது பாட்டுக்கு இருந்தது.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம். சுமார் 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையைப் பொதுப் பணத்திலிருந்து செலவழிக்க நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், ஸ்டேஷன் இருக்கும் தெருவில் நடைபாதைக்காக வீட்டு வாசலில் கார் நிறுத்தும் ஆறடியைக் கேட்டுப்பாருங்கள். பஸ்ஸுக்கென்று ரோட்டில் ஒரு வரிசையை ஒதுக்கப்போகிறோம் என்று சொல்லிப்பாருங்கள். கோடிகள் சுலபமாக வந்துவிடும். அந்த ஆறடி வராது.

மெட்ரோ டிராஃபிக்கைக் குறைக்குமா என்ற கேள்விக்கு இன்ஜினீயர்கள் தரக்கூடியது பாதி பதில்தான். ரயில் விடுவது அவர்கள் கையில். காலியாகும் இடத்தை யாருக்குத் தருவது என்பது நம் கையில். அந்த இடத்தை பஸ்ஸுக்கும், நடப்பவர்களுக்கும், ஆம்புலன்ஸுக்கும் ஒதுக்கி வைத்தால் நிச்சயம் பலன் உண்டு. சும்மா விட்டுவைத்தால் ஒரே மாதத்தில் நாமே போய் நிரப்பிவிடுவோம்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், 'மெட்ரோ எப்பங்க வரும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஸ்டேஷன்லேர்ந்து எங்க தெருவுக்கு எப்படிங்க வர்றது? பஸ்ஸுக்குத் தனி வழி எப்பங்க விடுவீங்க?' என்றும் கேளுங்கள். அவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் பதிலுக்கு உங்களை ஒரு கேள்வி கேட்பார்: "அதுக்கு உங்க வாசல்ல நிக்கிற காரை எடுக்கணுமே, எடுத்துடலாமா?"

என்ன சொல்வதாக உத்தேசம்?