கட்கேசர் எவ்வளவு தூரம்?

ஆபீஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். “ஒரு மணி நேரம்” என்றார் வீட்டுக்காரர். “ரெண்டு மணி நேரம்” என்றார் அவர் மனைவி. ஒருவர் சொல்லி மற்றவர் திருத்தியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த அம்மா காலி டீ கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரர் போர்வெல் எத்தனை அடி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கட்கேசரில் வீடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேசியாகிவிட்டது. மனையை முறைப்படுத்தும் எல்.ஆர்.எஸ். கட்டியிருக்கிறார்களா, பக்கத்து ஏரி நிரம்பினால் தண்ணீர் நிற்கும் எஃப்.டி.எல். எல்லை எங்கே முடிகிறது, பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணும் வாசலில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா. 2024 ஜூலையில் ‘ஹைட்ரா’ என்ற அரசு அமைப்பு வந்து ஏரிக்கரைக் கட்டடங்களை இடிக்கத் தொடங்கியதிலிருந்து ஐதராபாத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் ஏரியைத்தான் விசாரிக்கிறார்கள். என் கணவர் இதிலெல்லாம் கெட்டி. சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவர், காகிதத்தில் ஓட்டை இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. இங்கே ஓட்டை எதுவும் இல்லை. எனக்குத்தான் அந்த ஒன்றும் இரண்டும் தொண்டையில் நிற்கிறது.

நாங்கள் செகந்திராபாத் பத்மாராவ் நகரில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நான் அரக்கோணம். என் ஆபீஸ் ராய்துர்க்கில். செகந்திராபாத் ஈஸ்ட்டில் மெட்ரோ ஏறினால் கடைசி நிலையம். மேற்கே வேலை பார்க்கிறவர்கள் மேற்கிலேயே வீடு பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் 2023 ஆகஸ்டில் அந்தப் பக்கம் கோகாபேட்டையில் அரசு ஏலம் விட்டபோது ஓர் ஏக்கர் நூறு கோடியைத் தாண்டிப் போனது. நூறு கோடி ஏக்கருக்குப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சதுர அடி கேட்கக்கூட வாய் வராது. அதனால் கிழக்கே திரும்பினோம்.

கட்கேசர் நல்ல ஊர். வாரங்கல் சாலையில், ரயில் நிலையத்தோடு, இன்னும் கொஞ்சம் கிராமமாகவே இருக்கிறது. அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எங்களோடு இருக்கும் அத்தைக்கு அது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது. வெயில் உள்ளே வருகிற கூடம். வீட்டுக்காரர் மாதாப்பூரில் வேலை பார்க்கிறார், கிட்டத்தட்ட என் வழிதான். அதனால்தான் அந்தக் கேள்வியையே கேட்டேன்.

திரும்பி வரும்போது கணவர் போனில் கட்கேசரிலிருந்து என் ஆபீஸுக்கு வழி போட்டுப் பார்த்தார். ஞாயிறு மதியம், வெளிவட்டச் சாலை வழியாக, ஒரு மணியும் கொஞ்ச நிமிடங்களும். “அவர் சொன்னது சரிதான்” என்றார். சரிதான். 158 கிலோமீட்டர் வட்டத்தில் ஏறக்குறைய பாதியைச் சுற்றிக்கொண்டு போனாலும் எங்கும் சிக்னல் கிடையாது, டோல் கட்டிவிட்டுப் பறக்கலாம்.

அப்படியானால் அந்த அம்மா சொன்ன இரண்டு எது? குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. கத்தரிக்காய் விலை கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். அவர் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்? கணவர் ஸ்டியரிங்கில் கை வைக்கும் நொடியிலிருந்து அல்ல என்பது தெரிகிறது. “கிளம்பிட்டேன்” என்று போன் வரும் நேரத்திலிருந்தா? கிளம்பிவிட்டேன் என்று சொன்ன பிறகு ஒருவர் லிப்டுக்குக் காத்திருப்பார், பார்க்கிங்கில் வண்டியை எடுப்பார், மாதாப்பூரிலிருந்து வட்டச் சாலை ஏறுவதற்குள் அரை மணி தின்றுவிடும். வட்டச் சாலையிலிருந்து இறங்கியபின் வீட்டுத் தெரு வரைக்கும் கொஞ்சம். இவையெல்லாம் ஓட்டுகிறவர் கணக்கில் வராது. குக்கர் வைக்கக் காத்திருக்கிறவர் கணக்கில் வரும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் போவதானால் பஸ்ஸில் உப்பல் வந்து மெட்ரோ பிடிக்க வேண்டும். உப்பலிலிருந்து நாரபள்ளி வரை மேம்பாலம் கட்ட 2018இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆறு கிலோமீட்டர் பாலம். ஆண்டுக்கணக்காக அதன் தூண்களைச் சுற்றித்தான் வாரங்கல் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு வழி எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயில். 2024 மார்ச்சில் பிரதமர் சங்காரெட்டியிலிருந்து கொடியசைத்து கட்கேசர்–லிங்கம்பள்ளி ரயிலைத் தொடங்கி வைத்தார். மௌலா அலி, சனத்நகர் வழியாக ஹைடெக் சிட்டி நிலையத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். வரைபடத்தில் பார்த்தால் என் வாழ்க்கைக்கென்றே போட்ட பாதை. ஆனால் ஓடும் ரயில்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மாலை ஆறரை மணி மீட்டிங்கை ரயிலுக்காக முடிக்கச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ரயில் என்றதும் எனக்கு அப்பா நினைவு வந்துவிடுகிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அரக்கோணத்துக்காரர்களுக்கு ரயில் ரத்தத்தில் இருக்கிறது என்று அப்பா சொல்வார். அவர் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் சீசன் டிக்கெட். இருட்டு விலகும் முன் கிளம்புவார், இருட்டிய பின் வருவார். யார் கேட்டாலும் “சென்ட்ரலுக்கு ஒன்றே கால் மணி நேரம்” என்பார். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும் நேரம் அதில் சேராது. சென்ட்ரலிலிருந்து பாரிமுனைக்கு நடக்கும் நேரமும் சேராது.

அம்மா நாலு மணிக்கு எழுந்து ஸ்டவ்வைப் பம்ப் செய்யும் சத்தம்தான் என் குழந்தைப் பருவத்தின் முதல் சத்தம். ராத்திரி கேட்டின் கொண்டி விழும் சத்தம் கடைசி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அம்மாவின் கணக்கு. ஆனால் அப்பா ஆபீஸ் போக எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் கேட்டதில்லை. போகிறவர் அவர், அவரிடம்தானே கேட்பார்கள்? கட்கேசரில் நான் கேள்வியை யாரிடம் என்றில்லாமல் பொதுவாகக் கேட்டுவிட்டேன். அதனால்தான் இரண்டு பதில் கிடைத்தது.

இதை இப்படியே விட்டால் அப்பாவின் ரயிலுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்னை அவருடன் அழைத்துப் போனார். சீசன் டிக்கெட்காரர்கள் சேர்ந்து பெட்டிக்குக் கொண்டாடும் பூஜை அது. கதவு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஜன்னல் கம்பிகளில் சந்தனம் குங்குமம், மேலே கலர் காகிதத் தோரணம். திருவள்ளூரில் ஏறியவர் பொரிகடலைப் பொட்டலங்களைக் கூடையோடு கொண்டுவந்தார். ஆவடியில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்ததும், “கணக்கில் தொண்ணூத்தி ஆறு வாங்கின பொண்ணா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் சொந்தச் சித்தப்பாவுக்கு நான் எந்த வகுப்பு என்றே தெரியாது. வீட்டில் வாயைத் திறக்காத அப்பா அந்தப் பெட்டியில் சீட்டு ஆடிக்கொண்டே எங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். என் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வந்தது. இன்றும் பத்மாராவ் நகர் வீட்டில் வெள்ளிக்கிழமை அதில்தான் விளக்கேற்றுகிறேன்.

ஆக, அப்பாவுக்கு அந்த நேரம் வீணா? அவரைக் கேட்டால் சிரிப்பார். அம்மாவுக்கு? ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா தூங்கும்போது அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, காதைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு ஒலிச்சித்திரம் கேட்பாள். அவளுக்கு ரயில் சிநேகிதர்கள் யாரும் இல்லை.

எங்கோ படித்த ஒரு ஆராய்ச்சியும் இதில் வந்து குறுக்கிடுகிறது. சுவிட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டட்சரும் ஃப்ரேயும் ஜெர்மன் மக்களின் விவரங்களை வைத்து 2008இல் எழுதியது. தூரத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்த அலைச்சலுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். ஆனால் பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவதாகத்தான் அவர்கள் கண்டார்கள். படித்தபோது ‘அப்படிப் போடு’ என்று இருந்தது. பிறகு யோசித்தால், திருப்தியா என்று அப்பாவை ஒரு தாளில் டிக் அடிக்கச் சொன்னால் தாளைத் திருப்பி அதில் ஆட்டத்தின் பாயிண்ட் எழுதியிருப்பார். மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் சொன்னது இன்னும் கலவரப்படுத்துகிறது: மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள், வண்டி வேகமாகும்போது நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் விரிகிறது. வட்டச் சாலை வந்தது, கட்கேசர் ‘ஒரு மணி’க்குள் வந்துவிட்டது. அடுத்து அதற்கும் வெளியே இன்னும் பெரிய வட்டம் போடப் போகிறார்கள். அப்போது யாரோ ஒருவர் புவனகிரிக்கு அப்பால் நின்றுகொண்டு ஒரு மணி நேரம்தான் என்பார், உள்ளே ஒருவர் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருப்பார்.

செகந்திராபாத்தே 1806இல் ஐதராபாத்துக்கு வெளியே, ஹுசைன் சாகருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகத் தள்ளி வைத்த ஊர்தான். இப்போது அதை விட்டுப் போகவா என்று நாங்கள் மல்லுக்கட்டுகிறோம். எழுத்தாளர் அசோகமித்திரன் இங்கே 1931இல் பிறந்து, 1952இல் சென்னைக்குப் போய்விட்டார். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களை வைத்து அவர் எழுதிய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவல் 1977இல்தான் வந்தது. அதில் சரித்திரம் எனக்குப் பாதி மறந்துவிட்டது, தெருக்கள் மறக்கவில்லை. கால் நூற்றாண்டு தள்ளி இருந்தவருக்கு ஊர் அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது. கணவரிடம் இதைச் சொன்னால், “இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல நான் ஒண்ணும் நாவல் எழுத மாட்டேன், பயப்படாதே” என்கிறார்.

அத்தையிடம் கறிவேப்பிலை மரத்தைச் சொன்னேன். “மரம் இருக்கட்டும். கிருத்திகைக்கு ஸ்கந்தகிரி கோயிலுக்கு எப்படிப் போறது?” என்றார். இப்போது ஆட்டோகூட வேண்டாம், மெதுவாக நடந்தே போய்விடுகிறார். போகிற வழியில் பூக்காரம்மாவிடம் கால் மணி நேரம் பேச்சு. இதை எந்த வட்டச் சாலையில் வைத்து அளப்பது?

ஆனால் வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. எனக்கும் சொந்தமாக ஒரு சுவரில் ஆணி அடிக்க ஆசை இருக்கிறது. ஐம்பதைத் தொட்ட பிறகு வங்கி கொடுக்கும் கடனுக்கு ஆயுள் குறைவு. தள்ளிப் போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. ஒரு ராத்திரி கணவரிடம், “நான் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்னு யாராவது கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “வீட்ல இருக்கப்போறது நான்தானே. அங்க போய்க் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது, உதவவில்லை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நான் மெட்ரோவும் பஸ்ஸுமாக கட்கேசருக்குப் போவது, கணவரும் அத்தையும் மத்தியானமே அங்கே போய் ரயில் நிலையத்துப் பெஞ்சில் எனக்காகக் காத்திருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ஊருக்கு வெளியே வீடு பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வேலை நாளில் போங்கள், போகப்போகிறவரோடு காத்திருக்கப்போகிறவரையும் கேளுங்கள். இரண்டு பதிலும் கையில் வந்த பிறகு எதை வைத்து முடிவெடுப்பது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.