தட்டிவிட்டு நின்றவர்

திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் சின்ன கெஸ்ட் ஹவுஸ். பிள்ளைகள் வெளிநாடு போனபின் வீட்டுக்கார அன்ரி பாதியை வாடகைக்கு விட்டிருந்தார். இரவு, நான் தங்கிய அறைக் கதவில் இரண்டு தட்டு.

"பிள்ளை, உள்ளுக்கு வரலாமோ? அலுமாரியில ஒரு சீலை எடுக்கவேணும்."

அலுமாரிச் சாவி அவர் இடுப்பில். அறையும் அவருடையது, கதவும் அவருடையது. தட்டிவிட்டு, நான் "வாங்கோ" என்னும்வரை வெளியில் நின்றார். தட்டாமல் வந்திருந்தால் நானே முகம் சுளித்திருப்பேன். ஆனாலும் அந்த நிற்பு உறுத்துகிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்வில், வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்த சனத்தோடு நாங்களும் போனோம். மீசாலையில் முன்பின் தெரியாத வீட்டில் அறை தந்தார்கள்; காசு கேட்கவில்லை. அவர்களுடைய நெல்மூட்டை அறை மூலையில் இருந்தது. வீட்டுக்கார அம்மா நினைத்த நேரம் வந்து அள்ளுவார், தட்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் என் அம்மா பாயிலிருந்து எழும்பிச் சீலையைச் சரிசெய்வார். தண்ணீர் வேண்டுமென்றால் குசினி வாசலில் நின்று மெல்லச் செருமுவார். தங்கள் சோற்றைப் பகிர்ந்தவர்கள் அவர்கள். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் அநியாயம்.

இப்படிப் பிறர் சோற்றில் இருந்த இன்னொருவரும் இங்கே நினைவில் வருகிறார். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா. பாய்மரம் இழந்த கப்பலோடு அங்கே ஒதுங்கி 1660இல் பிடிபட்டவர் ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவரையும் கூடப் பிடிபட்டவர்களையும் தன் இராச்சியத்து ஊர்களில் பிரித்து வைத்தான். ஊரார் முறைவைத்துச் சோறு போடவேண்டும் என்பது கட்டளை. 1679இல் அரிப்புக் கோட்டை ஒல்லாந்தரிடம் தப்பிச் சேரும்வரை ஏறத்தாழ 19 வருடம். 1681இல் வெளிவந்த அவர் புத்தகத்தை எப்போதோ அரைகுறையாக வாசித்தேன். தொப்பி பின்னி விற்றார் என்பது மனதில் நிற்கிறது. சோறு போட்டவர் வீட்டு வாசலில் அவரும் செருமினாரா? கையில் நாலு காசு புரண்டதும் குரல் மாறியதா?

என் வாடகையில் அந்த இரண்டு தட்டும் அடக்கம். அம்மாவிடம் அன்று காசு இருந்திருந்தால் அவருக்கும் அது கிடைத்திருக்கும். ஆனால் மீசாலை அம்மா காசு வாங்கியிருந்தால், அவர் காலமான செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருந்திருப்போமா?

சாம்பல்தீவில் ஒரு மச்சாள் இருக்கிறாள். அடுத்தமுறை வந்தால் தன் வீட்டில்தான் தங்கவேண்டுமாம். காசு என்றாலே கோபிப்பாள். "பாப்பம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். போவேனா என்று எனக்கே தெரியவில்லை.