அமைதி யாருடைய கணக்கில்?

'எங்கேயாவது கூட்டமே இல்லாத ஊராப் பார்த்து ரெண்டு நாள் போயிட்டு வரலாம்டா!'

நாற்பதைத் தாண்டிய எந்த நண்பர் கூட்டத்திலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். மகாபலிபுரமா? வேண்டாம், கூட்டம். பாண்டிச்சேரியா? ஐயோ, அதைவிடக் கூட்டம். கடல் இருக்கணும், கடைத்தெரு கூடாது. மீன் குழம்பு கிடைக்கணும், ஹாரன் சத்தம் கேட்கக் கூடாது.

இத்தனை நிபந்தனைக்கும் ஒத்துவருகிற ஊர் தரங்கம்பாடி. பி.காம். ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் ஒரு மே மாதம் அங்கே போனோம். காலையில் கடல், மதியம் தூக்கம், சாயங்காலம் டேனிஷ் கோட்டைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து பழங்கதை. இரண்டாம் நாள், நண்பன் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்: 'இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லடா. அதான் அருமை!'

பக்கத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: 'ரெண்டு நாளைக்கு ஒண்ணும் இல்லேன்னா நல்லாத்தான் இருக்கும், தம்பி.'

கோபமாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அதற்குள் இருக்கிற கேள்வி பெரிசு. நாம் ரசிக்கிற அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள்?

காமர்ஸ் படித்தவனுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற பாடம், இரட்டைப் பதிவு முறை. ஓரிடத்தில் வரவு எழுதினால் இன்னோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும். எதுவும் சும்மா வந்துவிடாது. தரங்கம்பாடிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இது ஒருகாலத்தில் சத்தமான ஊர். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டினார்கள். கப்பல்கள் வந்தன, மிளகும் துணியும் ஏறின. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேதான் அச்சாகி முடிந்தது. 1845-ல் டென்மார்க், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது. கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்தார். 1860-ல் அதுவும் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அங்கே நகர்ந்தது. பிறகு மயிலாடுதுறையிலிருந்து இங்கேயும் ரயில் ஓடியது. 1980-களில் அதையும் நிறுத்தினார்கள்.

ஆக, நாம் 'அடடா, என்ன அமைதி!' என்று வரவு எழுதுகிற அதே வரி, ஊரின் பேரேட்டில் நஷ்டமாகப் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு கணக்கு. மே மாதக் கடற்கரை ஏன் அவ்வளவு நிசப்தம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம், அவசியமான தடைதான். அரசு நிவாரணமும் கொடுக்கிறது. ஆனாலும் நமக்கு லீவு விட்டிருக்கிற அதே நாட்களில்தான் அவர்களுக்கு வேலையில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மணலில் உட்கார்ந்திருக்கின்றன.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊர் எதைக் கொடுத்தது என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தரங்கம்பாடியும் அன்று அந்த மாவட்டம்தான். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மணல் அது.

சங்கப் புலவர்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வை ஒதுக்கினார்களே, நெய்தலுக்கு என்ன கொடுத்தார்கள்? இரங்கல். கடற்கரை என்றால் போனவர் திரும்புவாரா என்று காத்திருக்கும் இடம். 'ஜாலி' என்பது பின்னால் வந்த உரிப்பொருள்!

'அப்ப ஊருக்குப் போறதே பாவம்ங்கிறீங்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. வலி இல்லாத இடத்தில்தான் இளைப்பாறுவேன் என்றால், பூமியில் கால் வைக்க இடம் கிடைக்காது. வருஷம் முழுக்க மாடாய் உழைக்கிற மனுஷனுக்கு நண்பர்களோடு ரெண்டு நாள் சும்மா உட்கார உரிமை உண்டு. அதற்காக அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வாதம் வரும்: 'நாம போனாத்தானே சார் அவங்களுக்கு வருமானம்?' பாதி உண்மை. பில்களை எடுத்துப் பாருங்கள். பெரிய தொகை ஓட்டலுக்குப் போகும். அடுத்தது டாக்ஸிக்கு. அடுத்தது, பக்கத்திலிருக்கிற காரைக்காலில் வாங்கிய பாட்டில்களுக்கு. கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவுக்குப் போவது கடைசி வரியில் ஒரு சின்னத் தொகை. வேடிக்கை என்னவென்றால், ஓட்டலில் மறுபேச்சில்லாமல் கார்டை நீட்டுகிற கைதான், அந்த அம்மாவிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசும். அப்புறம் 'நம்மால்தான் இவங்க பிழைக்கிறாங்க' என்ற பெருமை வேறு.

குற்ற உணர்ச்சியும் வேண்டாம், வள்ளல் வேஷமும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த ஒரு சொல் இருக்கிறது: விருந்தாளி. விருந்தாளிக்கும் கடமை உண்டு. துக்கம் நடந்த வீட்டுக்குப் போனால் சிரிக்கவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. சாப்பிடுகிறோம், பேசுகிறோம், சிரிக்கவும் செய்கிறோம். ஆனால் அது என்ன வீடு என்பது நமக்கு மறப்பதில்லை. குரல் தானாகவே கொஞ்சம் தணிந்துவிடுகிறது. அவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. மீன்காரம்மாவிடம் பேரத்தை விட்டுவிடலாம். கேட்காமல் யார் முகத்தையும் போட்டோ எடுக்காமல் இருக்கலாம். வெறுங்காலோடு படகு தள்ளுகிறவர்கள் நடக்கிற மணலில் பாட்டிலை உடைக்காமல் இருக்கலாம். முக்கியமாக, 'இங்கே ஒண்ணுமே இல்லை' என்பதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் 'இங்கே முன்னாடி என்னவெல்லாம் இருந்துச்சு, ஐயா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

அவர் சொல்ல ஆரம்பித்தால் ரெண்டு நாள் போதாது. லீவைக் கொஞ்சம் நீட்டிக்க வேண்டியிருக்கும்.