எத்தனை உயிர்?

சூப்பர் மீட் பாய் விளையாடியிருக்கிறீர்களா? 2010இல் எட்மண்ட் மெக்மிலன், டாமி ரெஃபனீஸ் இருவரும் சேர்ந்து செய்த கேம். பழைய நின்டெண்டோ காலத்து ஓடித் தாவும் ஆட்டம்தான். ஆனால் நாயகனுக்குத் தோல் கிடையாது. சிவப்பாக ஒரு சதைக் கட்டி. தொட்ட இடத்திலெல்லாம் ரத்தக்கறை. வில்லன் ஜாடிக்குள் மிதக்கும் ஒரு கரு. அதற்குக் கோட்டு சூட்டு வேறு. முதல் தடவை பார்த்தபோது 'உவ்வே' என்றுதான் வந்தது.

சுழலும் ரம்பத்தில் மோதினால் சதை சிதறும். கண் இமைப்பதற்குள் மறுபடி தொடக்கத்தில் நிற்பான். கறை மட்டும் சுவரில் அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தை முடித்ததும் ரீப்ளே வரும். அதில் நாம் தோற்ற முயற்சிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். நாற்பது பேர் கிளம்புவார்கள், ரம்பத்துக்கு ரம்பம் உதிர்வார்கள், ஒருவன் மட்டும் போய்ச் சேர்வான்.

விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல படம் கிடையாது என்று நினைத்திருந்தேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். "பாருங்க, நாப்பது தடவை ஓடினவன்தான் ஜெயிச்சான்."

ஒரு பெண் கேட்டார்: "அண்ணா, இது ஒருத்தன் நாப்பது தடவை ஓடுனதா, நாப்பது பேர் ஓடி ஒருத்தன் பிழைச்சதா? பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

எனக்குக் காலேஜ் ரூம்மேட் ஞாபகம் வந்தது. கணக்குப் பேப்பரில் இரண்டு பேருக்குமே அரியர். நான் மூன்று தடவை எழுதி பாஸ் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அப்பா பணம் அனுப்பினார். அவன் ஒரு தடவைக்கு மேல் எழுதவில்லை. தங்கை ப்ளஸ் டூ முடித்திருந்தாள். அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

இந்த வித்தியாசம் அந்தக் கேமிலேயே இருக்கிறது. வார்ப் ஸோன் என்று சில ரகசியக் கட்டங்கள் உண்டு. பழைய கேம்களின் சாயலில் இருக்கும். பழைய கேம்களைப் போலவே மூன்றே உயிர். அங்கே போனால் தாவ வேண்டிய இடத்தில் நான் தயங்கி நின்றுவிடுவேன். அதே ஆள், அதே விரல்கள்தான். உயிர் குறைந்ததும் துணிச்சலும் குறைந்துவிடுகிறது.

முயற்சி பொய் என்று சொல்லவில்லை. அந்த மூன்று தேர்வையும் நான்தான் எழுதினேன். ஆனால் என் குணம் என்று நான் பெருமைப்பட்டதில் பாதி, அப்பா வாங்கிக் கொடுத்த உயிர்கள். அதை மறைத்துவிட்டு அடுத்தவனிடம் "விடாம ஓடு" என்று சொல்வதில் ஒரு அநியாயம் இருக்கிறது. தோற்று நின்றவனுக்கு மனவுறுதி போதவில்லை என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

இப்போது டீமில் புதியவர் எழுதிய கோட் உடைந்தால் நான் அந்த ரீப்ளேயைக் காட்டுவதில்லை. அடுத்த வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டு, மேலே பதில் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். அறிவுரைக்குச் செலவில்லை. இன்னொரு உயிர் கொடுக்க வேண்டுமானால், அதற்கு யாராவது பணம் கட்டித்தான் ஆகவேண்டும்.