நுகத்தடி தூரம்

வந்தவாசி நெல் மண்டித் தராசில் டயரை ஏற்றி எடை பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மண்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, டயரையும் கிலோ கணக்குல போடப் போறீங்களா?" என்றார். பக்கத்து டயர் கடைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உருட்டி வந்து தந்தான். அவன் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவள் எடை பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

டிக்கியில் ஒரு நாளும் ஓடாமல் கிடந்த ஸ்டெப்னி, அதே கம்பெனி, அதே அளவு. ரிம்மைக் கழற்றிவிட்டுப் போட்டால் 11 கிலோ 200 கிராம். முன்பக்கத்து இரண்டும் 9 கிலோ 600, 9 கிலோ 700. பின்பக்கத்து இரண்டும் 10 கிலோ 200, 10 கிலோ 300. துண்டுச் சீட்டில் கூட்டிக் கழித்தேன். சரியாக ஐந்து கிலோ குறைந்திருந்தது. வண்டி ஓடியது 21,400 கிலோமீட்டர். இருபது கிலோமீட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு அளவு ரப்பரைத் தூவிக்கொண்டே போயிருக்கிறேன்.

புகையே வராது என்றுதான் அந்த வண்டியை வாங்கினேன்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். வெளியூரில் "ஜெயின்" என்றால் சேட்டு வீடா என்று கேட்பார்கள். இல்லை, தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிரிட்ட நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம். என் அத்தை, அதாவது மாமியார், சாகும்வரை தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடித்ததில்லை. வடிகட்டிய துணியையும் உதறிவிட மாட்டார். அதில் தங்கியவற்றை மொண்ட கிணற்றிலேயே விடும்படி மெல்ல அலசுவார். அடுப்புப் பற்றவைக்கும் முன் எறும்பு இருக்கிறதா என்று விறகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கேஸ் வந்த பிறகும் பர்னரைத் துடைத்துவிட்டுத்தான் தீக்குச்சி. அப்படிப்பட்ட வீட்டில், ஓய்வுப் பணத்தில் ஒரு மின்சார எஸ்யூவி வந்து நின்றதும் சென்னையிலிருக்கும் என் மகன், "அஹிம்சா கார்மா இது" என்றான். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான். முன்னால் போகும் பஸ் கக்கும் புகையைப் பார்த்து, ஏதோ நான் மட்டும் அந்தப் பாவக்கணக்கிலிருந்து பேர் நீக்கிக்கொண்டவள்போல ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் சாதுர்மாசம் முடிந்து ஒரு முனிமகராஜ் மேல்சித்தாமூரிலிருந்து பொன்னூர் மலைக்கு நடந்து வந்தார். மழைக்காலத்து நான்கு மாதமும் முனிவர்கள் ஊர்விட்டு ஊர் நகர்வதில்லை. மண்ணெல்லாம் உயிராக இருக்கும் நேரம் அது. மழை ஓய்ந்த பிறகு நடைதான்; வண்டி கிடையாது, செருப்பு கிடையாது. கையில் மயிற்பீலி, கமண்டலம். நடக்க முடியாத பெரியவர்கள் மூன்று பேரையும் ஆகாரத்துக்கான பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். மணிக்கு நான்கு கிலோமீட்டர். அவர் பார்வை தரையை விட்டு எழவே இல்லை. நுகத்தடி தூரம், அதாவது நாலு முழம் முன்னால் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது விதி. ஈரியா சமிதி என்பார்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. இதில் இன்ஜினே இல்லையா, சக்கரத்துக்கடியில் பொடிக்கல் நொறுங்குவது தெளிவாகக் கேட்டது. அவர் கால் வைக்க இடம் தேடுகிறார். அவர் பின்னால் நான் ஒண்ணேமுக்கால் டன்னை உருட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு வியர்த்துவிட்டது.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். அதற்குச் சில மாதம் முந்தி, சேத்துப்பட்டு ரோட்டில் மழைத்தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் 'டம்' என்று இறங்கி ஏறியது. அதிலிருந்து ஐம்பதைத் தாண்டினால் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு ஒலி. ரோட்டின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டேன். வாங்கிய இடத்தில் சர்வீசுக்கு விட்டபோது கேட்டேன். "எலெக்ட்ரிக்னா டயர் சீக்கிரம் தேயும் மேடம், அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அது பாதி உண்மை. பேட்டரியின் கனம் இருக்கிறது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையும் தருவதால், சிக்னலில் கொஞ்சம் காலை அழுத்தினாலும் முன்டயர் ரோட்டைச் சுரண்டுகிறது. காலை எடுத்தால் அதே சக்கரம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தி மின்சாரம் திருப்பித் தருகிறது. இழுப்பும் அதன் தலையில், பிடிப்பும் அதன் தலையில். (பிரேக் கட்டை மட்டும் புதுசுபோல இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தூசி மிச்சம்.)

மீதிப் பாதி உண்மையை டயர் கடைப் பையன்தான் காட்டினான். "கையை வெச்சுப் பாருங்க டீச்சர்" என்றான். பட்டன்மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பு. எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல். "டோ போயிருக்கு. சக்கரம் நேரா உருளல, ஓரமா தேய்ச்சுக்கிட்டே வந்திருக்கு." அலைன்மென்ட் திரையில் சிவப்பாக இரண்டு எண்கள்: ஒவ்வொரு முன்சக்கரமும் ஏறத்தாழ 0.2 டிகிரி கோணல். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 0.2 டிகிரியின் சைன் மதிப்பு 0.0035. அப்படியென்றால் கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. இந்தக் கணக்கை முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியவள், குனிந்து தன் சக்கரத்தை ஒருமுறைகூடத் தடவிப் பார்க்கவில்லை.

இங்கேதான் என் கேள்வி ஆரம்பிக்கிறது. நான் செய்தது ஹிம்சையா?

எங்கள் மரபில் ஹிம்சையை நான்காகப் பிரிப்பார்கள். கொல்ல வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டுக் காரியத்தில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் கூடியவரை குறைக்க வேண்டும். ஏர் பிடித்த குடும்பங்களாகிய நாங்கள் இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் மண்புழுவை வெட்டியும் மனசாட்சியோடு தூங்கினோம். டயர் தேய்வது ஆரம்பியில் அடங்கும் என்று ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடலாம். அந்த ஒரு நிமிடம்தான் எனக்குச் சந்தேகம். "கூடியவரை" என்ற சொல்லை நாங்கள் யாரும் தராசில் வைத்ததே இல்லை.

பொன்னூர் மலையில் குந்தகுந்தர் தவமிருந்தார் என்பது எங்கள் வழிவழி நம்பிக்கை. அங்கே அவர் திருவடிகளை வணங்குகிறோம். அவருடைய பிரவசனசாரத்தில் ஒரு கருத்து வருகிறது. உயிர் செத்ததா பிழைத்ததா என்பதல்ல கேள்வி. கவனமில்லாமல் நடந்தவனுக்கு ஹிம்சை நிச்சயம். கவனத்தோடு நடந்தவனுக்கு, தவறி ஓர் உயிர் போனாலும் அந்த ஒன்றால் மட்டும் வினை கட்டாது. தத்துவார்த்த சூத்திரமும் ஹிம்சையை இப்படிப் பிரமாதத்தில், அதாவது அசட்டையில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதைச் சொற்பொழிவுகளில் கேட்கும்போதெல்லாம் ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பதினொரு மாதம் ரீங்காரத்தைக் கேட்டும் குனியாதவளுக்கு அதில் என்ன ஆறுதல்?

சரி, அசட்டை என்னுடையது. ஐந்து கிலோவில் ஒன்றோ ஒன்றரையோ அதன் கணக்கில் போகட்டும். மீதி? அலைன்மென்ட் அணுவளவும் பிசகாமல் இருந்தாலும் டயர் தேயத்தான் செய்யும். தேயாத டயர் ரோட்டைப் பிடிக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கத்து ஓடைகளில், கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்துகொண்டிருந்தன. காரணத்தை ஆய்வாளர்கள் பல வருடம் தேடினார்கள். கடைசியில் 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமலிருக்க டயரில் 6பிபிடி என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது டயரின் மேற்பரப்புக்கு வந்து ஓசோனைத் தான் வாங்கிக்கொண்டு குயினோனாக மாறுகிறது. தேய்ந்த துகளோடு அது மழைநீரில் ஓடைக்குப் போகிறது, மீன் சாகிறது. டயரைக் காக்கத் தன்னை எரித்துக்கொள்ளும் பொருள்தான் மீனுக்கு நஞ்சு.

இந்த மீன்களை எந்தப் பிரிவில் வைப்பது? அந்தப் பொருளைக் கலந்தவருக்கும் தெரியாது, ஓட்டியவருக்கும் தெரியாது. 2020 வரை அது யாருடைய அசட்டையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். படித்த பிறகு? என் வீட்டுத் தெருவில் பெய்யும் மழையும் சாலையைக் கழுவிக்கொண்டு ஏரிக்குத்தான் போகிறது. முனிவருக்கு நாலு முழம் போதும், அவர் கால் அவ்வளவுதான் எட்டும். என் சக்கரம் எட்டும் தூரம் எவ்வளவு? அறிவு கூடக் கூட நுகத்தடி நீண்டுகொண்டே போகிறதா? போகிறது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக வண்டியை விற்றுவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முழங்கால் வலியோடு பஸ் படி ஏற என்னால் முடியாது.

அதனால் டயர் வாங்கினேன். வாங்குவதே ஒரு தர்க்க வகுப்பாக இருந்தது. பையன் முதலில் ஒன்றை எடுத்து வைத்தான். 9,200 ரூபாய், கெட்டி ரப்பர், "அறுபதாயிரம் ஓடும் டீச்சர்". அளவு அதே 215/60 ஆர்17 தான். ஆனால் பக்கத்தில் சுமை எண் 96. என் வண்டிக் கதவோரத்து ஸ்டிக்கரில் 100. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800. அளவு பொருந்தினால் போதும் என்று கனமான வண்டிக்கு இதை மாட்டிவிடுகிறவர்கள் ஏராளம். தயாரித்த தேதியைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தில் முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இரண்டு வருடப் பழசு. வேண்டாம். அடுத்தது மின்வண்டிக்கென்றே வந்தது. உள்ளே சத்தம் குறைக்க நுரை ஒட்டியிருந்தார்கள். உருளும் தடை குறைவு, விலை 17,500. மூன்றாவது 11,800. சுமை எண் 100, ஈரச் சாலையில் பிடிப்பு நல்லது, உருளும் தடை கொஞ்சம் கூடுதல்.

ரப்பரைக் கெட்டியாக்கினால் துகள் குறையும், ஆனால் மழையில் பிரேக் போட்டால் கூடுதல் தூரம் போய் நிற்கும். உருளும் தடையைக் குறைத்தால் யூனிட் மிச்சம், நெய்வேலியில் அவ்வளவு பழுப்பு நிலக்கரி மிச்சம். பெரும்பாலும் பிடிப்பையோ ஆயுளையோ கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துத் தரும் டயர் உலகத்தில் இல்லை. அநேகாந்தவாதத்தை, "எல்லோரும் சொல்வது சரிதான்" என்று கைகழுவும் தத்துவமாக எங்களவர்களே பேசுவது எனக்குப் பிடிக்காது. எந்த வகையில் சரி, எந்த வகையில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வது அது. ஷோரூம் சிற்றேட்டைவிட டயரின் பக்கவாட்டு எழுத்துகளில் அந்த நேர்மை அதிகம். நான் மூன்றாவதை எடுத்தேன். மழைக்காலத்தில் காலையில் எங்கள் ரோட்டில் சைக்கிளில் வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் பார்க்க முடிகிற உயிரை முதலில் வைத்தேன். ஒரு சார்ஜில் பதினைந்து கிலோமீட்டர் குறைந்திருக்கிறது.

"நாலையும் மாத்திடுங்க டீச்சர்" என்றான். பின்டயரில் 4.2 மில்லிமீட்டர் பட்டன் இருந்தது, சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். இரண்டு போதும் என்றேன். புதியதைப் பின்னால் போடு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவா என்றதும், "இழுக்கறது முன்சக்கரம்தானே டீச்சர்?" என்று கேட்டான். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். முன்பக்கம் வழுக்குவதையாவது ஸ்டியரிங்கில் உணரலாம். கேட்டுக்கொண்டான். பிளஸ் டூவிலும் நன்றாகக் கேட்பான், எழுதத்தான் மாட்டான்.

டயர் கடையில் உட்கார்ந்திருந்தபோது உறைத்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டயரைத் தேய்ப்பது முதலில் கனம். என் பேட்டரி முந்நூறு கிலோவுக்கு மேல். நான் ஒரு நாளில் ஓட்டுவது முப்பது கிலோமீட்டர். வருடத்துக்கு நான்கு முறை சென்னைக்கு நிற்காமல் போய்வர வேண்டும் என்ற ஆசைக்காக, ஐந்து ஆள் எடையைத் தினமும் காய்கறிக் கடைக்கும் ஜினாலயத்துக்கும் சுமந்து திரிகிறேன். எங்கள் அணுவிரதங்களில் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. நகை, நிலம், பணம் இவற்றுக்கு வரம்பு கட்டிக்கொள்வோம். கிலோவாட்-அவரில் வரம்பு கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன வண்டியே போதுமாயிருந்தது. இது டயர் கம்பெனி தீர்க்கும் விஷயமல்ல.

நாற்பது ரூபாய்க்கு ஒரு ஆழமானி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பூஜை முடிந்து வந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாகக் குனிந்து அளக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பஞ்சரா என்று கேட்பதை விட்டுவிட்டார். மாற்றியதிலிருந்து ஓடியது 4,300 கிலோமீட்டர். பின்னிரண்டும் 7.6. முன்னிரண்டும் 3.5. ஐப்பசி மழைக்குள் அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.